திரும்பத் திரும்ப வரும் அந்தத் தாளம்: தென்னாப்பிரிக்க ஹவுஸ் இசைக்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்க ஹவுஸ் இசையை முதல் முறை கேட்கிறவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்பது ஒன்று. இரண்டு நிமிடம் போனதும், "ஏன் ஒரே இடத்திலேயே சுத்திக்கிட்டு இருக்கு?" என்பது இன்னொன்று. எனக்கும் இதே கேள்விகள்தான் வந்தன. ஓர் இரவுப் பயணத்தில், பேருந்தின் விளக்குகளை அணைத்த பிறகு, நண்பர் அனுப்பியிருந்த எட்டு நிமிடப் பாட்டு ஒன்றை ஹெட்போனில் கடைசிவரை கேட்டேன். எந்த இடத்தில் அது என்னைப் பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஊர் வந்து சேரும்வரை அதே பாட்டுதான்.

அந்தச் சுற்றில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அது ஏன் என்று புரிய, அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஹவுஸ் என்பது என்ன?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்றொரு நடனக்கூடம் திறந்தது. ஹவுஸ் என்ற பெயர் அதன் வாலிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இரவு முழுக்க இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே கிடைக்காத நிம்மதி அவர்களுக்கு அந்தக் கூடத்துக்குள் கிடைத்தது. 1979 ஜூலையில் அதே சிகாகோவில், ஒரு பேஸ்பால் மைதானத்தின் நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ ஒழிந்தது என்று வெளியே கொண்டாடிய அந்த நாட்களிலும் வேர்ஹவுஸில் ஆட்டம் நிற்கவில்லை. டிஸ்கோ பாட்டுகளிலும், சோல் என்ற கறுப்பின அமெரிக்கப் பாட்டுகளிலும் ஆட்டத்துக்கு ஏற்ற பகுதியை மட்டும் எடுத்து நீட்டினார்கள். அடியில் டிரம் மெஷினின் தாளத்தைச் சேர்த்தார்கள். 80-களின் நடுவில் அது தனி இசையாகவே ஆகிவிட்டது.

அதன் எலும்புக்கூடு மிக எளியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் 'டும்' என்று ஒரு கனத்த அடி விழும். அதற்குக் கிக் என்று பெயர். நிமிடத்துக்குச் சுமார் 120 அடி; வேகமாக நடக்கும்போது கால் வைக்கும் கணக்கு. இரண்டு அடிகளுக்கு நடுவே 'ட்ஸ்' என்று சிம்பலின் ஓசை. இரண்டிலும் நான்கிலும் கைதட்டல். இதன்மேல் பேஸ் என்ற கனத்த கீழ்ச்சுர ஓசை வரும், அப்புறம் கீபோர்டு, அப்புறம் குரல். எல்லாம் ஒரே நேரத்தில் வராமல் எட்டுச் சுற்றுக்கு ஒன்று, பதினாறு சுற்றுக்கு ஒன்று என்று அடுக்கடுக்காக வந்து சேரும்.

முதல் கேள்விக்கான பதில் இங்கேயே இருக்கிறது. பாட்டின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடம் வெறும் தாளம் மட்டும் ஓடுவது டிஜேவுக்காக. முந்தைய பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்றி, இரண்டின் தாளமும் பிசகாமல் இணைக்க அவருக்கு இடம் வேண்டும். பூ கட்டுகிறவர் அடுத்த சரத்தை முடிய நாரின் முனையை நீட்டி விடுவார் இல்லையா, அதுபோலத்தான். தனியாகக் கேட்கும்போது நமக்கு அது நீளமாகத் தெரிகிறது. சேர்த்துக் கேட்டால் எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்கியது என்றே தெரியாது.

இந்த இசைக்குள்ளேயே கிளைகள் உண்டு. ஜாஸ் போன்ற கனிந்த சுரக்கூட்டுகளோடு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கைகளோடு, அமைதியாக, கொஞ்சம் ஏக்கத்தோடு நகர்வது டீப் ஹவுஸ். கறுப்பினத் தேவாலயப் பாடலின் சாயலில் முழுக்குரலில் பாடுவது சோல்ஃபுல் ஹவுஸ். தென்னாப்பிரிக்காவின் மனதை அள்ளியவை இந்த இரண்டும்தான்.

அங்கே ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது?

பல நாடுகளில் டீப் ஹவுஸ் என்பது சிறு கூட்டம் ஒன்று நள்ளிரவில் கேட்கும் இசை. தென்னாப்பிரிக்காவில் அதைக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம், வேலைக்குப் போகும் மினிபஸ் டாக்சியிலும் கேட்கலாம், வானொலியிலும் கேட்கலாம். வெளியிலிருந்து வந்த ஓர் இசை இப்படி ஊர் இசையாக மாற வேண்டுமென்றால், அதை ஏற்றுக்கொள்ளும் காது முன்பே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காது தயாரானது ஜோகன்னஸ்பர்க்கில். 1886-ல் அங்கே தங்கம் கிடைத்த பிறகு, சுரங்க வேலைக்காகத் தெற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் ஷெபீன் என்ற வீட்டுச் சாராயக்கடைகள் தோன்றின. பெண்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்பார்கள். போலீஸ் வந்து கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் மறுபடி காய்ச்சுவார்கள். அந்த வீடுகளில் 1920-களில் வளர்ந்த இசைக்கு மராபி என்று பெயர். ஒரு பியானோவோ கால்மிதி ஆர்மோனியமோ இருக்கும். அதில் மூன்று நான்கு சுரக்கூட்டுகளை ஒரு சுற்றாக விடிய விடிய வாசிப்பார்கள். கூழாங்கல் போட்ட தகர டப்பாவைக் குலுக்கித் தாளம் போடுவார்கள். பாட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வாரம் முழுக்க உழைத்த உடம்பு அந்தச் சுற்றுக்குள் புகுந்து ஆடிவிட்டு வெளியே வரும்.

ஆக, சிகாகோவில் ஹவுஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஜோகன்னஸ்பர்க்கில் சுற்றிச் சுற்றி வரும் நடன இசை இருந்தது. மராபியிலிருந்து வந்த ம்பகாங்காவிலும், அந்த நாட்டு ஜாஸிலும் இதே சுற்று தொடர்ந்தது. ஹவுஸ் வந்தபோது அந்த மக்களுக்கு அது புதிய உடுப்பில் வந்த பழைய சொந்தக்காரர் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேர், குரல். தேவாலயத்திலும் பள்ளியிலும் சேர்ந்து பாடிப் பழகிய நாடு அது. இன்றைய தேசிய கீதத்தின் முதல் பகுதியே 1897-ல் எனோக் சொன்டோங்கா என்ற ஆசிரியர் எழுதிய ஒரு துதிப்பாடல்தான். சுரங்கத் தொழிலாளர்கள் அடைபட்டுக் கிடந்த விடுதிகளில் இசிகாதாமியா என்றொரு பாடல்முறை வளர்ந்தது. வாத்தியமே கிடையாது. ஆண்கள் வரிசையாக நின்று, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் அடுக்குக்குரலில் பதில் சொல்வார்கள். பெயருக்கு அடிப்படையான ஜூலு சொல்லுக்கு 'மெல்ல அடியெடுத்து நடப்பது' என்று பொருள். சத்தம் எழாமல் நுனிக்காலில்தான் ஆடுவார்கள். ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. குடும்பத்தைப் பல நூறு மைல் தள்ளி விட்டுவிட்டு வந்த ஆண்களின் பாட்டு அது. தென்னாப்பிரிக்க ஹவுஸில் கிக் தாளத்துக்கு மேலே ஒரு குரல் ஏங்கியபடி வரும்போது, பின்னால் இன்னும் பல குரல்கள் மெல்லச் சேர்ந்துகொள்ளும்போது, நான் இதைத்தான் கேட்கிறேன். ஆட வைக்கும் தாளத்தின்மேல் அழ வைக்கும் குரல். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. அதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

வேகத்தைக் குறைத்தார்கள்

நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்களை நகரங்களுக்கு வெளியே டவுன்ஷிப் என்ற குடியிருப்புகளுக்குத் துரத்தினார்கள். இசைக்குப் பேர்போன சோஃபியாடவுன் பகுதியை 1955 முதல் இடித்துத் தள்ளி, மக்களை லாரிகளில் ஏற்றி, பின்னாளில் சொவேட்டோ என்று பெயர் பெற்ற பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். பாடகி மிரியம் மகீபாவும் ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவும் 1960-லிருந்து முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில்தான் வாழ வேண்டியிருந்தது.

மண்டேலா 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையானார். 1994 ஏப்ரலில் முதல் முறையாக எல்லோரும் வாக்களித்தார்கள். இந்த ஆண்டுகளை ஒட்டித்தான் சிகாகோ, நியூயார்க் ஹவுஸ் இசைத்தட்டுகள் ஜோகன்னஸ்பர்க்கின் டிஜேக்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் செய்த முதல் காரியம், வேகத்தைக் குறைத்தது. 120-ல் ஓட வேண்டிய தட்டைச் சுமார் 100, 110-க்கு இறக்கினார்கள். பேஸ் இன்னும் கனத்தது. நடனம் தளர்ந்து இடுப்புக்கு இறங்கியது. அதன்மேல் ஜூலு, சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் எல்லாம் கலந்த தெருமொழியில் பேசுவதுபோலப் பாடினார்கள். இதுதான் குவைட்டோ. ஆர்தர் மஃபோகேட், பூம் ஷாகா, டிகேஸீ, மண்டோசா என்று பெயர்கள் வரிசையாக வந்தன. ஒஸ்கிடோ போன்ற டிஜேக்கள் கலாவா ஜாஸ்மீ என்ற சொந்த நிறுவனத்தையே நடத்தினார்கள். இசையின் வருமானம் அதை உண்டாக்கியவர்கள் கைக்கே வந்தது.

அரசியல் இல்லாத கேளிக்கைப் பாட்டு என்று குவைட்டோவைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா அப்பா காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடக்க முடியாத ஊரில், பிள்ளைகள் இரவு முழுக்கப் பயமில்லாமல் ஆடுகிறார்கள் என்றால் அதைவிட வேறென்ன அரசியல் வேண்டும்?

குவைட்டோவில் பழகிய காது 2000-க்குப் பிறகு மெல்ல டீப் ஹவுஸ் பக்கம் போனது. அந்தக் கட்டத்தின் முகம் பிளாக் காஃபி. இயற்பெயர் ந்கோசினாதி மபுமுலோ. 1976-ல் டர்பனில் பிறந்து, கிழக்கு கேப் மாகாணத்தில் வளர்ந்தவர். மண்டேலா விடுதலையை ஒட்டிய கொண்டாட்டத்தில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவனான அவருடைய இடது கை அன்று செயலிழந்தது. டிஜே வேலைக்கு இரண்டு கை வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஒற்றைக் கையால் கற்றுக்கொண்டார். 2010-ல் சொவேட்டோவின் மபோன்யா மாலில் 60 மணி நேரம் தொடர்ந்து இசைத்தார். 2022-ல் சிறந்த நடன, மின்னணு இசைத்தொகுப்புக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது.

அவர் இசையில் எனக்குப் பிடித்தது, அவசரமின்மை. ஒரு சுரக்கூட்டை வைத்துவிட்டு, அது காதில் ஊறும்வரை காத்திருப்பார். 2005-ல் வந்த முதல் தொகுப்பில் மசகேலாவின் 'ஸ்டிமேலா' என்ற பாட்டை ரீமிக்ஸ் செய்தார். ஸ்டிமேலா என்றால் ரயில். மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களுக்கு வந்த ரயிலைப் பற்றிய பாட்டு. முந்தைய தலைமுறையின் துயரத்தை எடுத்து நடன மேடையில் வைத்தார். ஆடுகிறவர்கள் அதை விலக்கவில்லை.

டர்பனும் பியானோவும்

டர்பன் என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. 1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகம் அது. இன்றும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அந்த ஊரின் டவுன்ஷிப்களில் 2010 வாக்கில் க்கோம் என்ற இசை பிறந்தது. பெயரின் முதல் எழுத்தை நாக்கை மேலண்ணத்தில் தட்டி எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் அந்தச் சொடக்கு வராது. சீரான நாலு அடியை உடைத்துப் போட்ட இருண்ட தாளம் அது. பையன்கள் வீட்டுக் கணினியில் செய்து, மினிபஸ் டாக்சி ஓட்டுநர்களிடம் கொடுத்துப் பரப்பினார்கள். டிஜே லாக் அதன் முன்னோடிகளில் ஒருவர். எனக்கு அது கொஞ்சம் முரடு, ஆனாலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அமாபியானோ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2010-களின் நடுவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து டவுன்ஷிப்களில் பிறந்தது. எந்த ஊரில் முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 'அமா' என்பது ஜூலுவில் பன்மை முன்னொட்டு. பியானோக்கள் என்பதுதான் பெயரின் பொருள். வேகம் நிமிடத்துக்கு 110-லிருந்து 115-க்குள். டீப் ஹவுஸின் பியானோ, கிலுகிலு என்று ஓடும் ஷேக்கர், அப்புறம் லாக் டிரம். லாக் டிரம் என்ற பெயர் மரத்தைக் குடைந்து செய்த முரசைக் குறித்தாலும், இங்கே அது கணினியில் உண்டாக்கும் ஒரு பேஸ் ஓசை. தாளம் போட்டுக்கொண்டே ராகமும் பாடும். நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. அரை அடி தள்ளி, நெஞ்சுக்குக் கீழே எங்கோ விழும். அதில்தான் உடம்பு தானாக அசைகிறது.

பியானோவின் சுற்று, குலுக்கும் டப்பா, விடியும்வரை ஆட்டம். மராபியின் ஷெபீன் வீட்டில் இருந்த அதே சாமான்கள்தானே? நூறு ஆண்டு கழித்து லேப்டாப்பில் மறுபடி கூடியிருக்கின்றன. கப்ஸா டி ஸ்மால், டிஜே மபோரிசா இருவரும் இதைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அமாபியானோவையும் பாப் இசையையும் கலந்து பாடிய டைலா 2024-ல் கிராமி வாங்கினார்.

மொழி புரியாமல் எப்படி?

2020-ல் ஊரடங்கு நேரத்தில் 'ஜெருசலேமா' பாட்டுக்கு உலகம் முழுக்க ஆடினார்கள். லிம்போப்போ மாகாணத்து மாஸ்டர் கேஜி இசையமைத்து, நொம்செபோ சிகோடே பாடியது. கையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு ஓர் அங்கோலா நடனக்குழு ஆடிய வீடியோவைப் பார்த்து, மருத்துவமனைகளில் செவிலியர்கள் ஆடினார்கள், மடங்களில் துறவிகள் ஆடினார்கள். அது கொண்டாட்டப் பாட்டு என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு பிரார்த்தனை: இந்த உலகம் என் இடம் இல்லை, என்னைக் காத்துக் கூட்டிப்போ என்று கடவுளிடம் கேட்கிறது. வார்த்தை தெரியாமலே, நோய்க்குப் பயந்து கிடந்த காலத்தில் அத்தனை பேர் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். குரலின் ஏக்கம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதே குணம் வேறு ஊர் இசைகளிலும் உண்டு. நியூயார்க்கில் லூயி வேகா போன்றவர்கள் போர்ட்டோ ரிக்கோ தாளங்களையும் சோல் குரல்களையும் ஹவுஸுக்குள் கொண்டுவந்தார்கள். கேப் வெர்டே தீவுகளின் செசாரியா எவோராவின் பாட்டுகளை ஹவுஸ் டிஜேக்கள் ரீமிக்ஸ் செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க இசை காதில் பழகினால் இந்த வாசல்களும் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

எப்படிக் கேட்பது?

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். லாக் டிரம் இருப்பதே தெரியாது. சாதாரண ஹெட்போன் போதும். மூன்று நிமிடமாக வெட்டிய வானொலி வடிவத்தை விட்டுவிட்டு முழு நீளத்தைத் தேடுங்கள். முதல் தடவை கிக்கை மட்டும் எண்ணுங்கள். அடுத்த தடவை அதை விட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் என்ன புதிதாக வந்து சேர்கிறது என்று கவனியுங்கள். நடுவில் ஓரிடத்தில் கிக் நின்றுவிடும். குரலும் கீபோர்டும் மட்டும் மிதக்கும். அந்த இடத்தில் பாட்டை மாற்றிவிடாமல் காத்திருங்கள். கிக் திரும்பி வரும்போது, இவ்வளவு நேரம் ஒரே மாதிரி ஓடியதாக நினைத்தது எதற்காக ஓடியது என்று உடம்புக்குத் தெரியும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், சன்-எல் மியூசிஷியனும் சம்திங் சொவேட்டோவும் சேர்ந்து செய்த 'அகானமாலி' இதமான வாசல். கையில் காசில்லாதவனின் காதல் பாட்டு. அதன் பிறகு ஸ்டிமேலா. முதலில் மசகேலாவின் மூலப் பாட்டைக் கேளுங்கள். ரயிலின் கூவலையும் புகை விடும் ஓசையையும் தன் வாயாலேயே எழுப்புவார். அது முடிந்த கையோடு பிளாக் காஃபியின் ரீமிக்ஸைப் போடுங்கள். கிக் 'டும், டும்' என்று தொடங்கும்போது, ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கேட்கும்.